இன்று கப்பல் இல்லை

படகுத்துறைக் கரும்பலகையில்
சுண்ணக்கட்டி எழுத்து:
இன்று கப்பல் இல்லை.
நேற்றே எழுதிய இன்று அது.
அழிக்க ஆளில்லை, அவசியமுமில்லை.

கடலோரக் காவல் இளைஞன்
தன்னைவிட ஓர் அளவு பெரிய சீருடைக்குள்ளிருந்து
இரண்டு விரல் காட்டினான்.
வெற்றிச் சின்னமென்று எண்ணி
நானும் இரண்டு விரல் காட்டினேன்.
புயல் எச்சரிக்கை எண் இரண்டு என்று
பெர்லிட்டா சொல்லித்தான் தெரியும்.
விடுதியே சிரித்தது.
மறுநாள் அவன் மூன்று காட்டியபோது
யாரும் சிரிக்கவில்லை.

பதினோரு கிலோ என் முதுகுப்பை.
நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி,
வெயில் களிம்பு இரண்டு குப்பி,
ஒன்பது நாளில் நான்கு தீவு என்று
கட்டம் போட்டு எழுதிய தாள்,
நாளுக்கு இத்தனை பெசோ என்ற கறார்.
மழைக்கென்று அதில் எதுவுமில்லை.
விசாயக் கடலிடம்
அந்தத் தாளைப் படித்துக் காட்ட
எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

எட்டுக் கட்டில் அறையில் ஆறு பேர்.
மீதி இரண்டும் ஒழுகலுக்கு.
பிற்பகலில் பட்டி மூழ்கிவிட
சினைப்பன்றி ஒன்று நடந்து வந்து
அறை நடுவே சாய்ந்தது.
முன்பதிவு இல்லை, வாடகை இல்லை.
ஸ்லொவேனியாவிலிருந்து வந்த த்யாஷா
தன் துண்டை மடித்து அதன் தலைக்கு வைத்தாள்.
மறுநாள் அவளுக்கு விமானம்.
மணிக்கொரு தரம் கைப்பேசியை உயர்த்தி
கோபுரம் சாய்ந்த குன்றுக்குக் காட்டினாள்.

மாலையில் ரொடெலியோ
தன் படகின் பக்கக் கைகளைக் கழற்றினார்.
சாப்பாட்டு மேசையை வெளியே தள்ளி
பத்துப் பேர் படகை உள்ளே தூக்கி வந்தோம்.
மேசை போனால் போகட்டும்,
கடன் படகின் மேல்தான் இருக்கிறது என்றார்.
உட்கார வேறிடமில்லை.
படகில் ஏறி வரிசையாய் அமர்ந்து
டப்பா மத்தியும் சோறும் தின்றோம்.
யாரோ துடுப்பைக் கேட்டார்கள்.
அந்தத் தீவில் அன்று
ஆட்கள் ஏறிய ஒரே படகு.

பிறகு இரவு.
கூரையைக் கட்டிய நைலான் கயிற்றை
சன்னல் வழியே உள்ளே இழுத்து
மாற்றி மாற்றிப் பிடித்திருந்தோம்.
ஊளை, சீறல், உறுமல்
காற்றுக்கென்று நான் வைத்திருந்த சொற்களெல்லாம்
பிராணிகளுடையவை.
பன்றி உறங்கியது.
அதற்குத் தெரிந்த பிராணி எதுவும்
வெளியே இல்லை.
கயிறு திடீரெனத் தளர்ந்த ஒரு கணத்தில்
பெர்லிட்டா கத்தி அழைத்தாள்,
வேறு யாருடைய பெயரையோ.
நான்தான் பதில் சொன்னேன்.

காலையில் வெளிச்சம் அதிகம்.
மரங்கள் இல்லாததால் என்று
புரிய நேரமாயிற்று.

ஐந்து இரவுக்கும் வாடகை வாங்கினாள் பெர்லிட்டா.
கயிறு பிடித்ததற்குக் கழிவு உண்டா என்று
இக்னாசியோ கேட்டான்.
முட்டைக்கு இருபது கூடுதல், என்றாள்,
உள்ளங்கையில் கன்றிய கோட்டை
ஊதிக்கொண்டே.

நிவாரணத்துக்குப் படம் வேண்டுமாம்:
உடைந்த வீடு, முன்னால் வீட்டுக்காரர்,
கையில் பெயரெழுதிய அட்டை.
கடலுக்கடியிலும் நனையாத காமெரா
என்னிடம்தான் இருந்தது.
பவளப்பாறைக்கு ஒதுக்கிய இடத்தில்
பதினேழு கூரைகள் எடுத்தேன்.
கூரை என்பது பழக்கத்தில் சொல்வது.
எல்லோரும் தலை சீவி வந்தார்கள்.
ஒருவன் பக்கத்துத் தோப்பிலிருந்து
தன் சுவரைத் தூக்கி வந்து
அருகில் நிறுத்திக்கொண்டான்.

நெமெசியா உதட்டுச்சாயம் பூசியிருந்தாள்.
அவள் பின்னால் நின்றது
குளியலறைக் கதவு ஒன்றுதான்.
எடுத்த படத்தைப் பார்த்தாள்.
கண் மூடிவிட்டேன், இன்னொன்று என்றாள்.
அட்டையை நேராக்கினாள்.
கப்பலின் சங்கு முதல் முறை ஊதியது.
த்யாஷா துறையிலிருந்து கையை வீசிக் கூப்பிட்டாள்.
இருங்கள், என்றேன் நெமெசியாவிடம்,
வெளிச்சம் கொஞ்சம்
இந்தப் பக்கம் வரட்டும்.